பெரியவர்கள் ஜிக்சா புதிர் (துண்டு துண்டாக வெட்டிய படத்தை மறுபடி பொருத்துவது) அடுக்கினால் உண்மையிலேயே மனம் லேசாகுமா, இல்லை வெறும் நேர விரயமா?

கேள்வி கேட்டவருக்கு நாற்பது தாண்டியிருக்கும், வீட்டில் யாரோ "இது சின்னப் பிள்ளைங்க விளையாடுறதாச்சே" என்று சிரித்திருப்பார்கள், அதனால்தான் 'நேர விரயம்' என்ற சொல் கேள்விக்குள் நுழைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தப்பாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நேரடியாகச் சொன்னால், ஆமாம், லேசாகும். எனக்கு ஆனது. உங்களுக்கும் ஆகும் என்று பத்திரம் எழுதித் தர முடியாது. மனசு நிஜமாகவே சரியில்லை, வாரக்கணக்கில் தூக்கம் இல்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், அட்டைத் துண்டுகளை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் ஒருவர் வந்து "மனநலத்தைக் கொச்சைப்படுத்துகிறீர்கள்" என்று ஆரம்பிப்பார்.

நான் பத்தொன்பது வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதக் கடைசியில் கணக்கை மூட வேண்டும். டேலி ஆகாத ஒரு தொகையைத் தேடி ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து, ஒருவழியாகக் கண்டுபிடித்து மூடினால், மறுநாள் காலையில் அடுத்த மாதம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டு எழுந்திருக்கிற வேலை இல்லை அது. படுத்துக் கண்ணை மூடினால் எக்செல் கட்டங்கள் ஓடும். அந்தச் சமயத்தில்தான் என் அக்கா மகள் ஹாஸ்டலுக்குப் போகும்போது ஒரு 500 துண்டுப் பெட்டியை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனாள். மலையடிவாரத்தில் ஒரு ஏரி, ஒரு மர வீடு, நாலு படகு. பல மாதம் அலமாரி மேலேயே கிடந்தது. ஒருநாள் தூக்கம் வராமல் எடுத்து, ஓரத் துண்டுகளை மட்டும் பொறுக்கித் தனியாக வைத்தேன். நேராக வெட்டிய பக்கம் ஒன்று இருந்தால் ஓரம், இரண்டு இருந்தால் மூலை. நிமிர்ந்து பார்த்தால் ஒரு மணி நேரம் போயிருந்தது, அந்த ஒரு மணி நேரத்தில் ஆபீஸ் ஞாபகம் ஒரு தடவைகூட வரவில்லை.

ஏன் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். இந்தக் குவியலுக்கு விடை நிச்சயம் உண்டு. அது இந்தப் பெட்டிக்குள்ளேயேதான் இருக்கிறது. பாதி அடுக்கியபோது ஒருவர் வந்து "படத்தை மாத்திட்டோம், ஏரி வேண்டாம், பாலைவனம் போடுங்க" என்று மெயில் அனுப்ப மாட்டார். அதோடு கண்ணும் கையும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட நீலத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது, மேனேஜர் நேற்று என்ன தொனியில் பேசினார் என்று அசைபோட மண்டையில் இடம் இருப்பதில்லை. டிவி பார்க்கும்போது அந்த இடம் தாராளமாக இருக்கிறது, பார்த்துக்கொண்டே புழுங்கலாம்.

'மூளைக்கு நல்லது' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி ஆரம்பிக்காதீர்கள். ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 வயது தாண்டிய 100 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2018-இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினர் 30 நாள், தினம் ஒரு மணி நேரமாவது ஜிக்சா அடுக்க வேண்டும். அந்த 30 நாளில் சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. பல வருடமாக அடுக்கி வருபவர்களிடம் சில திறன்கள் கூடுதலாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் திறன் இருப்பதால் அடுக்குகிறார்களா, அடுக்கியதால் திறன் வந்ததா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. எனக்கு இது வருத்தமாகவே இல்லை. செய்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு லாபக் கணக்கு காட்ட வேண்டும் என்று யார் சொன்னது? அதைத்தான் நாள் முழுக்கச் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருக்கிறேனே.

சின்னப் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், பிள்ளைகளுக்காகத்தான் ஆரம்பித்தார்கள். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடங்களைப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டிலேயே அறுத்து, பூகோளம் படிக்க விற்றார். பெரியவர்களுக்குப் பைத்தியம் பிடித்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்துக் கிடந்த 1933-இல், வேலையும் காசும் இல்லாத காலத்தில், அட்டையில் அச்சு வைத்து வெட்டிய மலிவுப் புதிர்கள் வாரத்துக்கு ஒரு கோடி வரை விற்றன. நூலகங்கள்கூட இரவல் கொடுத்திருக்கின்றன. அந்த ஒரு கோடியையும் வாங்கியது பிள்ளைகளா? வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எதையாவது ஒன்றையாவது முழுசாக முடித்துப் பார்க்க ஆசைப்பட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். ஆதாரம் கேட்காதீர்கள்.

சரி, என் கதை. இதற்காகத்தான் பதில் எழுதவே உட்கார்ந்தேன்.

500-ஐ முடிக்க எனக்குப் பதினொரு நாள் ஆனது. (ஸ்பெயினில் வயாடோலிட் நகரத்தில் 2019 முதல் உலகப் போட்டி நடக்கிறது, அங்கே முதலிடத்துக்கு வருபவர்கள் 500 துண்டுகளை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். அவர்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம், நமக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.) நடுவில் ஒருமுறை சாப்பாட்டு மேஜையைக் காலி செய்ய வேண்டி வந்து, போர்வையோடு சேர்த்து இழுத்ததில் மர வீடு மொத்தமும் உதிர்ந்தது. அப்புறம்தான் ஒரு பிளைவுட் பலகை வாங்கி அதன் மேல் அடுக்க ஆரம்பித்தேன், வேலை முடிந்தால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

அடுத்தது 1000. கலங்கரை விளக்கம், சிவப்பு வெள்ளைப் பட்டைகள், கீழே பாறை, மேலே வானம், மூன்றில் ஒரு பங்கு வெறும் வானம். கணக்குக்காரப் புத்தி சும்மா இருக்காதே, ஓரத்தை எண்ணினேன், 126. எல்லாம் முடிகிற நேரத்தில் நீளத்தையும் அகலத்தையும் எண்ணினால் 38, 27. பெருக்கிப் பாருங்கள், 1026. பெட்டியில் 1000 என்று போட்டு 26 துண்டு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள்! துண்டுகள் ஏறக்குறைய சதுரமாக வர வேண்டும் என்பதற்காக அப்படி வெட்டுவார்களாம். 40-க்கு 25 என்று கச்சிதமாக 1000 வெட்டுகிறவர்களும் உண்டு, அதிலும் ஓரம் 126-தான். வேடிக்கையாக இருந்தது எனக்கு.

அந்த நாட்களில் என் மாமியார் எங்களோடு இருந்தார். நான் ஆபீஸ் போனபிறகு பலகையை வெளியே இழுத்து வைத்துக்கொண்டு அவரும் கை வைத்திருக்கிறார். சாயங்காலம் வந்து பார்த்தால் விளக்கின் சிவப்புப் பட்டை ஒன்று வளர்ந்திருக்கும். எனக்கு உள்ளுக்குள் எரியும். என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகச் சொல்லவில்லை, "அத்தை, தரையில குனிஞ்சா உங்களுக்கு முதுகு வலிக்குமே" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியாது, மறுநாளும் பட்டை வளர்ந்தது.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிறு மதியம். ஒரே ஓட்டை, கையில் ஒரே துண்டு. வைத்தேன், உட்காரவில்லை. இரண்டு தலை (வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ்), இரண்டு பள்ளம், வடிவமெல்லாம் அதேதான், ஆனால் ஒரு தலை ஒரு நூல் பெரிது. திருப்பி வைத்தேன், அழுத்தினேன், முனை மடங்கியதுதான் மிச்சம். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து "வேற பெட்டித் துண்டு கலந்திருக்கும், கம்பெனிக்காரன் தப்பு" என்றார். நானும் நம்பிக் கம்பெனிக்குச் சூடாக ஒரு மெயில் தட்டினேன். அனுப்பிய கையோடு அடுத்த சந்தேகம் வந்தது. திரும்பிப் பார்த்துக் கேட்டேவிட்டேன், "அத்தை, வானத்துல நீங்க ஏதாவது வச்சீங்களா?" கேட்ட தொனி சரியில்லை என்று எனக்கே தெரிந்தது.

அவர் கோபப்படவில்லை. "எனக்கு அந்த நீலமெல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியும், கண்ணுல புரை. சிவப்பு மட்டும்தான் வச்சேன்" என்றார். அவ்வளவுதான், எழுந்து உள்ளே போய்விட்டார்.

பத்தொன்பது வருடத்தில் நான் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடமே, வித்தியாசம் எந்த இடத்தில் தெரிகிறதோ தப்பு அந்த இடத்தில் இருக்க வேண்டியதில்லை என்பதுதான். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறதா பார், இல்லாவிட்டால் ஒரு கணக்கில் ஏற வேண்டியது வேறு கணக்கில் ஏறியிருக்கிறதா பார் என்பேன். ஓட்டையையே முறைத்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்ற ராத்திரி ஆகிவிட்டது. கையிலிருக்கும் துண்டின் இடத்தில் வேறு ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அதன் சொந்த இடம்தான் இந்த ஓட்டை. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பலகையோடு பலகையாகப் படுக்க வைத்து அடித்தேன். வானம் முழுக்க மெல்லிசு மெல்லிசாகக் கோடுகள், ஒரே ஒரு துண்டின் விளிம்பில் மட்டும் கொஞ்சம் தடிமனாக நிழல். இடப்பக்க மேல்மூலை. அந்த மூலையை முதல் வாரத்தில், ராத்திரி மஞ்சள் விளக்கில் முடித்தது நான். அந்தப் பக்கம் வேறு யாரும் வரவே இல்லை.

மாற்றி வைத்தேன், இரண்டும் 'டக்' என்று உட்கார்ந்தன. முடிந்தது என்று யாரையும் கூப்பிட மனம் வரவில்லை. மறுநாள் காலையில் கடைசித் துண்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, "அத்தை, இதை நீங்க வைங்க" என்றேன். "நீதானே வைக்கணும்" என்றார். அரை நிமிடம் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர்தான் வைத்தார். மன்னிப்பு என்று தனியாக நான் எதுவும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம். கம்பெனிக்காரர்கள் மிக மரியாதையாகப் பெட்டியில் இருக்கும் எண்ணைக் கேட்டுப் பதில் எழுதியிருந்தார்கள், அதற்கும் இன்றுவரை பதில் போடவில்லை.

ஓய்வு என்று கேட்டதற்கு இந்தக் கதையா என்று கேட்கலாம். ஓய்வுதான். அந்த ஐந்து வாரமும் நன்றாகத் தூங்கினேன், அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தவிர.

ஓய்வு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். எங்கள் ஆபீஸில் போன வருடம் 'மன அழுத்த மேலாண்மை' என்று ஒரு முழுச் சனிக்கிழமையை எடுத்துக்கொண்டார்கள். விடுமுறை நாள், வராவிட்டால் காரணம் எழுதித் தர வேண்டும். ஒருவர் மேடையில் நின்று கண்ணை மூடுங்கள், மூச்சை இழுங்கள், கடற்கரையை நினையுங்கள் என்றார். மாதக் கடைசி அது. எனக்குப் பின்னால் இருந்தவர் கண்ணை மூடியபடியே போனில் யாரிடமோ இன்வாய்ஸ் எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் 'உங்கள் அழுத்தம் எவ்வளவு குறைந்தது, பத்துக்கு மதிப்பெண் தருக' என்று ஒரு படிவம், பெயரோடு. எல்லாரும் ஒன்பது போட்டோம். மறுநாள் ஞாயிறு, எல்லாரும் உட்கார்ந்து கணக்கை மூடினோம். அந்தச் சனிக்கிழமையை எங்களிடமே விட்டிருந்தால் ஆளுக்கு ஒரு ஏரியோ மலையோ அடுக்கி முடித்திருப்போம்.

சரி, ஆரம்பிப்பதென்றால் 500-இல் ஆரம்பியுங்கள். படத்தில் கட்டடம், எழுத்து, கூட்டம், பல நிறம் இருக்கட்டும். வானமும் தண்ணீரும் பாதிப் படத்தைப் பிடித்தால் அந்தப் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள், அதெல்லாம் பிறகு. மேஜையைவிடப் பலகை நல்லது. வெள்ளை வெளிச்சம் முக்கியம், மஞ்சள் விளக்கில் வானத்தைத் தொடாதீர்கள், ஏன் என்று இப்போது தெரியும். ஒரே நிறமாகக் குவிந்து கிடக்கும் துண்டுகளைத் தலை பள்ளம் பார்த்து வகை பிரித்துக்கொண்டால் பாதி வேலை குறையும். அழுத்தித்தான் உட்காருகிறது என்றால் அது அந்த இடத்துத் துண்டு இல்லை. முடித்ததைப் பசை போட்டு மாட்டுவீர்களோ பிரித்துப் பெட்டியில் போடுவீர்களோ, அது உங்கள் இஷ்டம். நான் பிரித்துவிடுவேன், வீட்டுக்காரருக்கு அது இன்னும் விளங்கவில்லை.

மாமியாருக்குப் புரை அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, இப்போது நீலமும் அவருக்குத் தெரிகிறது. கட்டிலுக்கு அடியில் புதிதாக ஒரு 1000 இருக்கிறது, நேற்று ஓரம் பொறுக்கினோம். 126 வர வேண்டியதில் 125-தான் வந்திருக்கிறது. அவரிடம் எதுவும் கேட்கவில்லை. டார்ச்சைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.