அருப்புக்கோட்டை வாசகருக்கு ஒரு 14 காரட் பதில்

கேள்வி: தங்க இறக்குமதியால் அந்நியச் செலாவணி கரைகிறது. சமூக ஆர்வலர்கள் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் நம் மக்களின், குறிப்பாகப் பெண்களின், தங்க மோகம் குறைவதாக இல்லை. ஒரு குடும்பத்துக்கு இத்தனை பவுன்தான் என்று அரசு உச்சவரம்பு விதித்தால் என்ன?
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: மோகமா! ஆண்பிள்ளை ஊருக்கு வெளியே முள்ளுக்காட்டில் மனை வாங்கிப் போட்டால் அது முதலீடு. ஷேர் மார்க்கெட்டில் முதலையே தொலைத்துவிட்டு வந்தால் 'ரிஸ்க் எடுத்தார்'. பெண்பிள்ளை மாதாமாதம் நகைச்சீட்டுக் கட்டி அரைப் பவுனில் தோடு வாங்கினால் மட்டும் மோகம். ஜூன் மாதம் அடகுக் கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்காக அந்தத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நிற்பவர்களிடம் உச்சவரம்பு பற்றிப் பேசிவிட்டு, முழுசாகத் திரும்பி வாருங்கள்.

உங்கள் யோசனை புதிதும் அல்ல. மொரார்ஜி தேசாய் உங்களை முந்திக்கொண்டார். ('ஆரம்பிச்சுட்டான்யா' என்று பழைய வாசகர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நான் என்ன செய்ய, எந்தக் கேள்வியைப் பிரித்தாலும் அவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.) சீனப் போர் முடிந்த கையோடு, 1963 ஜனவரியில், நிதியமைச்சராக இருந்த அவர் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. அதாவது நூற்றுக்கு 58 பங்கு தங்கம், மிச்சம் செம்பு, வெள்ளி வகையறா. இன்று கடைக்காரர் லென்ஸ் வைத்துக் காட்டுகிறாரே 916, அதாவது ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், அந்தக் கணக்கில் மொரார்ஜியின் தங்கம் 583!

கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிஷம். மாப்பிள்ளையின் அத்தை தாலியைத் தூக்கிப் பார்த்து, "ஏங்க, இது தங்கமா, மொரார்ஜியா?" என்கிறார். பெண்ணின் அப்பா அரசிதழைப் பிரித்து வைத்துக்கொண்டு விதி எண் சொல்கிறார். "விதியை நீங்க போட்டுக்குங்க, பொண்ணுக்கு நகையைப் போடுங்க" என்கிறார் அத்தை. நாதஸ்வரக்காரர் வாயில் சீவாளியை வைத்துக்கொண்டு, கெட்டிமேளத்துக்கு மத்திய அரசின் அனுமதி வந்துவிட்டதா என்று யார் முகத்தைப் பார்ப்பதெனத் தெரியாமல் நிற்கிறார்.

நகைப் பட்டறைகளில் யாரும் சிரிக்கவில்லை. 22 காரட்டில் பழகிய கைகளுக்கு 14 காரட் வசப்படவில்லை. வசப்பட்டாலும் வாங்க ஆளில்லை. வேலை போன பத்தர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்தன. 1966-இல் அந்த 14 காரட் விதி மட்டும் போனது. 1968-இல் தனிச் சட்டமே வந்து, சாதாரண மனிதர் தங்கக் கட்டி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. அது 1990 வரை உயிரோடு இருந்தது. அதுவரைக்கும் தங்கம் வராமல் நின்றுவிட்டதா? துபாயிலிருந்து பத்துத் தோலா (சுமார் 116 கிராம்) பிஸ்கட்டாகக் கள்ளத்தனமாகப் படகேறி வந்தது. ராமநாதபுரம் பனைக்குளத்தில் பிறந்து பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஹாஜி மஸ்தான் பெரிய புள்ளியானது எந்தச் சரக்கால் என்று நினைக்கிறீர்கள்? சட்டத்தை ரத்து செய்து, 1992-இல் வெளிநாடு வாழ் இந்தியர் வரி கட்டி 5 கிலோ வரை கொண்டுவரலாம் என்று கதவைத் திறந்ததும் அந்தக் கடத்தல் தொழிலே படுத்துவிட்டது.

இவ்வளவு பாடம் படித்தும் அரசு திருந்தவில்லை. 2013-இல் நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரம் தங்கம் வாங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். கல்யாணத்தில் கழுத்திரு என்ற கனத்த தங்கத் தாலியைப் பூட்டுகிற செட்டிநாட்டிலிருந்து வந்தவர்! ஒரே வருஷத்தில் இறக்குமதி வரி 4 சதவீதத்திலிருந்து 10 ஆனது. கடத்தல் திரும்பத் தலைதூக்கியது. அதே வருஷம் சென்னையில் ஜெயலலிதா அரசு ஏழைப் பெண்களின் தாலிக்கு 4 கிராம் தங்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. டெல்லி வேண்டாம் என்கிறது, கோட்டை இந்தா என்கிறது. தமிழச்சி யார் பேச்சைக் கேட்டிருப்பாள்? விலைவாசி வருஷத்துக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. ரூபாயை நம்ப முடியாதவர்கள் பவுனை நம்பினார்கள். செலாவணிக் கவலை நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரூபாயின் மானத்தைக் காப்பது நிதியமைச்சரின் வேலை, என் வீட்டுப் பீரோவின் வேலை அல்ல.

அரசே வேண்டாம் என்று நான் சொல்வதாக எழுதிவிடாதீர்கள். 2021-இல் ஹால்மார்க் கட்டாயமானபோது இதே பக்கத்தில் கைதட்டியவன் நான். என்ன வாங்குகிறேன் என்று எனக்குச் சொல், ஏமாற்றுகிறவனைப் பிடி. வாங்கலாமா என்பதை என்னிடம் விடு. விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்கிறோமே! விலை ஏறிய ஏற்றத்தில் மக்களே 18 காரட், 14 காரட் என்று இறங்கி வருகிறார்கள். 2025-இல் 9 காரட்டுக்கும் ஹால்மார்க் வந்துவிட்டது. மொரார்ஜி சட்டம் போட்டு முடியாததை விலைப்பலகை சத்தமில்லாமல் முடித்துக்கொண்டிருக்கிறது. ஆர்வலர்களும் அட்சய திருதியை அன்று கடை வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுக்கட்டும். அதை விசிறிக்கொண்டே வரிசையில் நிற்பார்கள். போலீஸைத் துணைக்குக் கூப்பிடாதவரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

ரிசர்வ் வங்கிக்கும் ஒரு கும்பிடு. 2025 ஏப்ரலில் வந்த நகைக்கடன் விதிகளின் வரைவில், அடகு வைக்கும் நகைக்கு உரிமைச் சான்று கேட்டார்கள். அப்பத்தா காதிலிருந்து இறங்கிய தண்டட்டிக்கு ரசீதுக்கு எங்கே போவது? எதிர்ப்புக் கிளம்பியதும் ஜூனில் தளர்த்தினார்கள்.

மொரார்ஜியை இன்னும் விடவில்லை. அவர் பிரதமரான 1977-இல், இந்தியப் பங்கைக் கூட்டு, கோக்கின் சூத்திரத்தைக் கொடு என்று கெடுபிடி செய்ததில் கோகோ கோலா மூட்டை கட்டியது. சரி, போகட்டும். அடுத்து, அரசுக்குச் சொந்தமான ரொட்டிக் கம்பெனியே ஒரு கலர் தயாரித்து, ஜனதா கட்சி ஜெயித்த வருஷத்தை வைத்து '77' என்று பெயரிட்டது. தேர்தல் முடிவைக் குப்பியில் அடைத்து விற்ற ஒரே அரசு அதுதான் என்று நினைக்கிறேன். 1979-இல் மொரார்ஜி பதவி விலகினார், மறு வருஷம் இந்திரா திரும்பி வந்தார், '77'-இல் கேஸ் இறங்கிவிட்டது. கோக் 1993-இல் திரும்பி வந்து கடைகளில் இருக்கிறது. நான் நன்னாரி சர்பத் கட்சி.