ஜாயினிங் டேட் தள்ளிப்போன தம்பியின் அப்பாவுக்கு

அண்ணே, ஆஃபர் லெட்டர் வந்தும் தம்பி வேலையில் சேரும் தேதி தள்ளிப்போன நேரத்தில், ஐ.டி. கம்பெனிகளில் ஆட்குறைப்பு, இனி யாருக்கும் வேலை கிடைக்காது என்று தண்டையார்பேட்டையில் யாரோ சொன்னதைக் கேட்டு நீங்கள் தூக்கம் கெட்டிருக்கிறீர்கள், அந்தக் கணக்கை முதலில் பார்ப்போம். கொரோனா சமயத்தில் வேலை குவிந்ததால் 2021-22 நிதியாண்டில் டிசிஎஸ் மட்டும் 1 லட்சத்துக்கு மேல் ஆள் கூட்டியது. அப்புறம் அமெரிக்காவில் வட்டி ஏறி, இவர்களுக்கு வேலை கொடுக்கும் அங்குள்ள கம்பெனிகள் செலவை இறுக்கிப் பிடித்ததும், 2023-24இல் டிசிஎஸ்ஸில் 13 ஆயிரம் பேர், இன்ஃபோசிஸில் ஏறக்குறைய 26 ஆயிரம் பேர் குறைந்தார்கள். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், தானாக விட்டுப் போனவர்களின் இடத்தை நிரப்பாமல் விட்டாலே எண்ணிக்கை இறங்கிவிடும். அடுத்த வருடமே இரண்டிலும் தலா 6 ஆயிரத்துக்கு மேல் கூடியது. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைப்பதாகச் சொன்னபோதும் அடி விழுந்தது பெரும்பாலும் நடுத்தர, மேல்மட்டப் பதவிகளில்.

ஆக, புதுசாக வருகிற பிள்ளைக்கு வாசல் அடைபடவில்லை, குறுகிவிட்டது.

எனக்குக் கவலை தம்பியின் ரெஸ்யூமைப் பார்த்துத்தான். ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். அதைத் திறந்து வைத்து, இந்த டேட்டாபேஸில் ஒரே பேர் ஏன் ரெண்டு இடத்தில் இருக்கிறது என்று கேட்டேன், பதிலே இல்லை. இன்டர்வியூவில் இதைத்தான் நோண்டுவார்கள். திட்டாதீர்கள், பாதி வகுப்பு அப்படித்தான் செய்கிறது. ஹார்பருக்கு நீங்கள் ஓட்டும் டிரெய்லரின் ட்ரிப், டீசல், பேட்டா, எண்ணூர் ரோட்டில் கியூவில் நின்ற நேரம், இதெல்லாம் உங்கள் நோட்டில் இருக்கிறதே, அதை வைத்து அவனே ஒரு சின்ன ஆப் எழுதட்டும். எந்தக் கேள்வி கேட்டாலும் அவனால் பதில் சொல்ல முடியும், ஏனென்றால் அது அவன் வீட்டுக் கணக்கு.

ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறதென்று சும்மா உட்கார வேண்டாம், மற்ற கம்பெனிகளின் தேர்வையும் எழுதட்டும். மணலி, எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் அப்ரண்டிஸ் எடுக்கிறார்களா என்றும் பார்க்கட்டும், ஸ்டைபண்டும் வரும், அனுபவமும் சேரும்.

இன்னொன்று. பேக்டோரில், அதாவது குறுக்கு வழியில், வேலை வாங்கித் தருகிறேன் என்று கன்சல்டன்சிக்காரர் கேட்கிற ரெண்டு லட்சத்துக்காக அண்ணியின் நகையை அடகு வைக்காதீர்கள். பெரிய கம்பெனி எதுவும் வேலைக்குச் சேர்க்கக் காசு வாங்காது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள் என்றால் ரசீதோடு உடனே எனக்கு போன் செய்யுங்கள்.