செத்த பிறகுமா வேலை?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

உங்கள் இளையோர் தொடரைப் படிவம் 3 படிக்கும் என் மகளோடு சேர்ந்து படித்தேன். ரப்பர் தோட்டத்துப் பழைய துரை பங்களாவில் விடுமுறைக்குத் தங்கும் ஒரு பெண்ணுக்கு விடியற்காலை நாலு மணிக்குத் தேங்காய் மட்டையால் யாரோ தரை தேய்க்கும் சத்தம் கேட்கிறது. அது அவளுடைய பூட்டியின் ஆவி என்று கடைசியில் தெரிகிறது. மகள் பயப்படவில்லை, கோபப்பட்டாள். "செத்த பிறகும் அந்தப் பாட்டி துரை வீட்டுத் தரையைத் தேய்க்கணுமா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. என் கேள்வி வேறு: இந்தப் பழைய வேதனையைப் பிள்ளைகளுக்குப் பேய்க்கதையாகத்தான் சொல்ல வேண்டுமா?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளின் கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை.

பேய் வீட்டுக் கதைகளில் பெரும்பாலும் ஒரு குடும்பம் வீடு வாங்கிக் குடிவரும்; அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆவி அவர்களை விரட்டப் பார்க்கும். நமக்கு இது பொருந்துமா? தோட்டத்து ஆள்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடு கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போச்சு. பங்களாவில் பின்வாசல்தான் நம் வாசல். துரை எழுந்திருக்கும்போது தரை பளபளக்க வேண்டும், தேய்த்த ஆள் கண்ணில் படக்கூடாது. அப்படிப் பார்த்தால் துரை உயிரோடு இருந்தபோதே அந்த வீட்டுப் பேய் நம் பாட்டிகள்தான்.

பத்து காஜா பக்கம் கெல்லிஸ் காசலுக்குப் போயிருப்பீர்கள். கெல்லி ஸ்மித் என்ற தோட்டத் துரை தனக்காக 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகை. கட்ட வந்த தமிழர்கள் பலர் ஸ்பானியக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். கெல்லி ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்ததும் வேலை அப்படியே நின்றது. அங்கே போய் வந்தவர்கள் துரையின் ஆவியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பக்கத்து மாரியம்மன் கோயில் கூரையிலும் சாமிகளோடு சாமியாக ஒரு துரை நிற்கிறார். காய்ச்சலில் செத்த கூலிகளின் ஆவி என்று ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. பேயாவதற்கும் பேர் வேண்டியிருக்கிறது போல.

சரி, பூட்டிக்கு வருகிறேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு கிழவி இருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் அவர் புருஷனைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட. அங்கே இறந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆள்கள் பல்லாயிரம் பேர் எங்கே விழுந்தார்கள் என்றே தெரியாது. பிணமும் இல்லை, தேதியும் இல்லை. கருமாதி எப்படிச் செய்வது, திதி எந்த நாளில் கொடுப்பது? கிழவி கடைசிவரை பொட்டை எடுக்கவில்லை, யாரும் எடுக்கச் சொல்லவும் இல்லை. சாயங்காலமானால் பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து செம்மண் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். வாளி விளிம்பில் ரப்பர் பால் காய்ந்து தோல் தோலாகத் தொங்கும். அதை உரித்துக்கொண்டே இருக்கும் அவர் விரல்.

என் கதையின் பூட்டி அவர்தான். புருஷனை லாரியில் ஏற்றிய காலையில் அவர் பங்களாவில் தரை தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தால் அவன் அங்கேதானே தேடுவான்? அதனால்தான் அந்த இடத்தை விட்டு நகராமல் இருக்கிறார். ஆனால் இது கதையில் தெளிவாக வரவில்லை. சத்தத்தைக் காட்டிய நான் காத்திருப்பைக் காட்டவில்லை. மகள் கோபப்பட்டதில் தப்பில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண்பேயின் கதையைச் சிரித்துக்கொண்டே கேட்கும் பிள்ளைகள் இதையும் தாங்குவார்கள். தோட்டத்தை விட்டு வந்து தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், பிறந்தவர்களுக்கு லயம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கிறது. பேயை விளக்க வேண்டியதில்லை.

தொடர் நூலாக வரும்போது பூட்டியை ஒரு காட்சியிலாவது உட்கார வைக்கப் போகிறேன். முன் வராந்தாவில் துரையின் பிரம்பு நாற்காலி இருக்கிறது, அடுப்படியில் ஒரு மணைப்பலகையும் இருக்கிறது. எதில் உட்காரட்டும் என்று மகளிடம் கேட்டு எழுதுங்கள்.