டெர்மினலைப் பதிவு செய்ய: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் மென்பொருளை டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் சன்னலில்) நிறுவும் முறையைத் திரை வீடியோவாக எடுத்தேன். எழுத்து மங்கலாக இருக்கிறது, கோப்பும் பெரிதாகிவிட்டது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. டெர்மினலில் ஓடுவது எல்லாமே எழுத்துதான், அதை எதற்குப் படமாக்க வேண்டும்? ஆஸ்கினிமா என்ற கட்டற்ற மென்பொருள், எந்த எழுத்து எந்த நேரத்தில் திரைக்கு வந்தது என்பதை மட்டும் ஒரு உரைக்கோப்பில் குறித்து வைக்கும். பார்ப்பவர் நடுவில் நிறுத்தி, கட்டளையை அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம். வீடியோவைப் பார்த்து நீளமான கட்டளையைத் தட்டி, ஒரு ஹைஃபனை விட்டுவிட்டு அரை மணி நேரம் திண்டாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். தொடங்கும் முன் சன்னலை 80 எழுத்து அகலம், 24 வரி உயரத்துக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். அகலமான சன்னலில் எடுத்ததை ஃபோனில் படிக்கவே முடியாது.

கேள்வி: பதிவில் என் கடவுச்சொல்லும் சேர்ந்துவிடுமா?

பதில்: நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்ட உதவும் சூடோ, கடவுச்சொல் கேட்கும்போது நீங்கள் அடிப்பது திரையில் தெரிவதில்லை. ஆஸ்கினிமா வழக்கமாகத் திரைக்கு வருவதை மட்டுமே எடுக்கும், அதனால் அது சேராது. விசைகளையும் பதியச் சொல்லும் விருப்பத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கட்டளை வரியிலேயே டோக்கனை (கடவுச்சொல் போல அனுமதி தரும் ரகசியக் குறியீட்டை) அடித்தால் அது அப்படியே பதிவாகும். நான் ஒருமுறை இதில் மாட்டினேன். பகிரும் முன் கோப்பில் க்ரெப் என்ற தேடல் கட்டளையைப் போட்டு டோக்கனைத் தேடினேன், எதுவும் அகப்படவில்லை, நிம்மதியாக அனுப்பிவிட்டேன். பிறகு கோப்பைத் திறந்து பார்த்தால்தான் விஷயம் புரிந்தது. கையால் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் தனி வரி: முதலில் நேரம், அடுத்து வெளியீடு என்ற குறி, கடைசியில் ஒற்றை எழுத்து. டோக்கன் முழுக்க அங்கேதான் இருந்தது, மேலிருந்து கீழாகச் சிதறி! ஆகவே தேடலை நம்பாதீர்கள். பதிவை முழுதாக ஓட்டிப் பாருங்கள். டோக்கன் தெரிந்தால், கோப்பைத் திருத்துவதோடு நிற்காமல் அந்த டோக்கனையே ரத்து செய்துவிடுங்கள்.

கேள்வி: யோசித்து நின்ற இடமெல்லாம் நீளமாக வருகிறதே?

பதில்: பதியும்போதே சும்மா நிற்கும் நேரத்துக்கு வரம்பு வைக்கலாம். எனக்கு 2 விநாடி சரியாக இருக்கிறது.

கேள்வி: நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில், ரீட்மீ என்ற அறிமுகப் பக்கத்தில் பதிவை ஓட்ட முடியவில்லை.

பதில்: அங்கே ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது, அதனால் பதிவை ஓட்டிக் காட்டும் பிளேயரும் ஓடாது. ஆஸ்கினிமா குழுவினரின் ஏஜிஜி என்ற கருவியால் ஜிஃப் படமாக்கிப் போடுங்கள். ஜிஃப்பிலிருந்து நகலெடுக்க முடியாது என்பதால், கட்டளைகளைக் கீழே எழுத்தாகவும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அலுவலக சர்வரில் புதிதாக எதையும் நிறுவ அனுமதி இல்லை.

பதில்: பெரும்பாலான லினக்ஸில் டெர்மினலைப் பதிவு செய்யும் ஸ்கிரிப்ட் என்ற பழைய கட்டளை ஏற்கெனவே இருக்கும். எது எப்போது திரைக்கு வந்தது என்று குறிக்கும் நேரக் கோப்பையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அது இருந்தால்தான் ஸ்கிரிப்ட்ரீப்ளே என்ற துணைக் கட்டளையைக் கொண்டு அதே வேகத்தில் ஓட்டிக் காட்ட முடியும். அப்புறம், முடிந்ததும் மறக்காமல் எக்ஸிட் அடியுங்கள். இல்லையென்றால் அதற்குப் பிறகு அங்கே செய்த வேலையெல்லாம் அதே கோப்பில் ஏறிக்கொண்டே இருக்கும்.