பாலிகில்கிளைன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அயர்லாந்துப் பஞ்சம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நிலம் பிரபுக்களிடம் இல்லாமல் அரசாங்கத்திடமே இருந்திருந்தால் அந்த அப்பாவிக் குடியானவர்கள் பிழைத்திருப்பார்களா? இதைப் பற்றி எதைப் படிக்கலாம்?

அன்புள்ள நண்பருக்கு,

எதைப் படிப்பது என்பதை நீங்களே தேடிக்கொள்வீர்கள், அதை விடுவோம். முதல் கேள்விதான் என் மனதில் பல மாதங்களாக உருண்டுகொண்டிருப்பது.

அப்படி ஓர் ஊர் இருந்தது. அயர்லாந்தின் ராஸ்காமன் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) பாலிகில்கிளைன். சுமார் 600 ஏக்கர், ஏறத்தாழ 500 பேர். பக்கத்து ஸ்ட்ரோக்ஸ்டவுன் மாளிகையின் மேஹன் குடும்பம் முடியரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்த நிலம். 1834இல் குத்தகை முடிந்து பிரிட்டிஷ் முடியரசிடம் திரும்பியது. அப்புறம் லண்டனில் இருந்த வன, நிலவருவாய் ஆணையர்கள்தான் பண்ணையார்.

'அப்பாவி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. நிலம் கைமாறியதும் அந்த மக்கள் குத்தகைப் பணம் தர மறுத்தார்கள். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பன்னிரண்டு வருஷத்துக்கு மேல்! வக்கீல் வைத்தார்கள். மிகப் பணிவாக மனு எழுதினார்கள், பணத்தை மட்டும் கொடுக்கவில்லை. ஊரே சேர்ந்து கொடுக்காமல் இருப்பதற்கு எவ்வளவு பேச்சு, எவ்வளவு நம்பிக்கை வேண்டும், யோசித்தீர்களா? ஏழை என்றாலே விவரம் தெரியாதவன் என்று நினைப்பது படித்தவர்களின் பழைய வியாதி. பரிதாபப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களுடைய சாமர்த்தியத்தைப் பறித்துவிட்டுப் பரிதாபப்படாதீர்கள்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது, பஞ்சம் வந்தது. 1847, 48இல் அரசாங்கம் ஊரைக் காலி செய்தது. கப்பல் கூலி கொடுத்து 350 பேருக்கு மேல் லிவர்பூல் வழியாக நியூயார்க்குக்கு அனுப்பியது. அதே 1847 நவம்பரில், தன் குடிகளைக் கனடாவுக்குக் கப்பலேற்றிய ஸ்ட்ரோக்ஸ்டவுன் பண்ணையார் மேஜர் டெனிஸ் மேஹனை வழியில் சுட்டுக் கொன்றார்கள். அவரை ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆணையர்களின் முகத்தை யார் பார்த்தார்கள்?

ஸ்ட்ரோக்ஸ்டவுன் மாளிகைக்கு நான் போயிருக்கிறேன். அடுக்களைக்குள்ளேயே உயரத்தில் கைப்பிடி போட்ட ஒரு நடை. எஜமானி அங்கே நின்றபடி அந்த வாரத்துச் சமையல் பட்டியலைக் கீழே போடுவாராம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன், கழுத்து வலித்தது. அந்த வீடு இன்றும் நிற்கிறது. பாலிகில்கிளைனில் எனக்குக் காட்டுவதற்கு ஒரு வீடுகூட இல்லை, புல்தான்.

ஆனால் ஊரை அழித்த அதே அலுவலகம் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தது. மனுக்கள், குடும்பம் குடும்பமாகப் பெயர்கள், வயதுகள். அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் அமெரிக்காவிலிருந்து அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அந்தப் புல்லைத் தேடி வருகிறார்கள்.