நிர்வாணாவா, சவுண்ட்கார்டனா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒருவர் "தொண்ணூறுகளின் சிறந்த அமெரிக்க ராக் குழு எது?" என்று கேட்டிருந்தார். "சவுண்ட்கார்டன்" என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். காரணம் சொல்லியிருக்க வேண்டும். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான், அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே.

நிர்வாணாவை விட்டுவிட்டு சவுண்ட்கார்டனா? 'நெவர்மைண்ட்' வரவில்லை என்றால் உங்கள் சவுண்ட்கார்டனை யார் சீண்டியிருப்பார்கள்?
மதுரை வாசகர்

கோபம் நியாயமானது. 1991 செப்டம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்தபோது அதை வெளியிட்ட இசைக் கம்பெனிக்கே பெரிய நம்பிக்கை இல்லை, அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் போனது ஏறக்குறைய 46,000 பிரதிகள்தான். மறு ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைக் கீழே தள்ளி பில்போர்டு என்ற அமெரிக்க ஆல்பப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு, இந்தக் குழுக்களின் வட்டாரமான அமெரிக்க வடமேற்கு நகரம் சியாட்டிலில் கிடார் வைத்திருந்தவர்கள் எல்லார் வீட்டுக் கதவையும் கம்பெனிகள் தட்டின, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் சவுண்ட்கார்டன் அந்த அலையில் ஏறி வந்த குழு இல்லை. 1984-ல் தொடங்கியவர்கள், நிர்வாணாவுக்கு மூன்று வருடம் மூத்தவர்கள். அந்த வட்டாரத்திலிருந்து பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு 1989-லேயே ஆல்பம் கொண்டுவந்தவர்கள்.

சரி, முன்னால் வந்ததால் மட்டும் யாரும் சிறந்தவர் ஆகிவிட மாட்டார்கள். என் காரணம் வேறு. கேட்கப்பட்டது "சிறந்த குழு எது" என்று. நிர்வாணாவின் பாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே கர்ட் கோபேன் என்ற ஒரு மனிதரின் உள்ளிருந்து வந்தவை. டேவ் க்ரோல் எவ்வளவு பெரிய டிரம்மர் என்றாலும், க்ரிஸ்ட் நோவோசெலிக்கின் பாஸ் எவ்வளவு அழகு என்றாலும், அவர்கள் அந்த ஒருவரைத் தாங்கிப் பிடித்தவர்கள். சவுண்ட்கார்டனில் நான்கு பேரும் பாட்டு எழுதினார்கள். கிறிஸ் கார்னெல் கொண்டுவந்த மெட்டை மாட் கேமரனின் டிரம்ஸ் வேறு திசைக்குத் திருப்பும், கிம் தயிலின் கிடார் அதன் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும், பென் ஷெப்பர்ட் எழுதியது மற்ற மூவரும் எழுதியதைப் போலவே இருக்காது. நால்வரில் ஒருவரை எடுத்துவிட்டால் அந்தச் சத்தமே இல்லை. எனக்குக் குழு என்றால் அதுதான்.

ஆனால் ஒன்று. 1993 நவம்பரில் எம்டிவி தொலைக்காட்சிக்காக நியூயார்க்கில் பதிவான நிர்வாணாவின் அந்த அன்ப்ளக்ட் நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டை எடுத்துப் பாருங்கள். பழைய நாட்டுப்பாடல், லெட்பெல்லி என்ற பழைய அமெரிக்கப் பாடகர் பாடிய முறையை ஒட்டிக் கோபேன் பாடுகிறார். முடிகிற இடத்தில் குரல் கிழிகிறது, கடைசி வரிக்கு நடுவே நிறுத்துகிறார், கண்ணைத் திறக்கிறார், மூச்சு ஒன்று உள்ளே போகிறது, பிறகு வரியை முடிக்கிறார். அந்த ஒரு மூச்சுக்கு இணையாகச் சவுண்ட்கார்டனில் எதுவும் கிடையாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஐந்து மாதத்தில் அவர் இல்லை. வயது 27.

நான் மிருதங்கம் கற்றுக்கொள்கிறேன். நீங்கள் சொன்னதற்காக சவுண்ட்கார்டன் கேட்டேன். தொடையில் தாளம் போட்டால் நடுவில் தவறிப்போகிறது. என் தப்பா, அவர்கள் தப்பா?
கும்பகோணம் வாசகர்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. யார் தப்பும் இல்லை. நீங்கள் நான்கு நான்காக எண்ணியிருப்பீர்கள். 'ஸ்பூன்மேன்' பாட்டின் முக்கியமான கிடார் வரிசை ஏழு. மிஸ்ர சாப்பு போட்டுப் பழகிய கைக்கு ஏழு என்பது புதிதா என்ன? ஏழாக எண்ணிக்கொண்டு மறுபடி கேளுங்கள், வரிசை திரும்பும் இடம் கையில் வந்து உட்காரும். 'மை வேவ்' ஐந்து. 'ஃபெல் ஆன் பிளாக் டேஸ்' ஆறு, ஆனால் அவ்வளவு இயல்பாக நடப்பதால் வருடக்கணக்காகக் கேட்டவர்களுக்கே அது ஆறு என்று தெரியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 1991-ல் வந்த 'அவுட்ஷைண்ட்'. சரணம் முழுக்க ஏழில் போகும், ஒவ்வொரு சுற்றிலும் எட்டாவது அடி விழப்போகிறது என்று உடம்பு காத்திருக்கும்போது அதற்குள் அடுத்த சுற்று ஆரம்பித்துவிடும், காலை வைக்கும் இடத்தில் படி இல்லாதது போல. பல்லவி வந்ததும் நான்குக்கு மாறுகிறார்கள். அந்த இடத்தில் ஏற்படும் நிம்மதி இருக்கிறதே, அதற்காகவே ஏழில் அலைக்கழித்தார்கள் என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டு எழுதியதில்லை. பாட்டை எழுதி முடித்த பிறகுதான் எத்தனை எண்ணிக்கை என்று பார்ப்போம் என்று தயில் சொல்லியிருக்கிறார். கணக்குக்காகக் கணக்குப் போடும் குழுக்கள் எத்தனையோ உண்டு. இவர்களுக்கு அது நடையிலேயே இருந்தது.

அப்புறம், 'ஸ்பூன்மேன்' நடுவில் கலகலவென்று ஓர் உலோகச் சத்தம் வருகிறதே, அது நிஜமான கரண்டிகள். சியாட்டில் தெருவில் கரண்டி வாசித்து வந்த ஆர்ட்டிஸ் என்பவரையே அழைத்து வாசிக்க வைத்தார்கள்.

கிம் தயில் தமிழராமே, உண்மையா?
சேலம் வாசகி

இல்லை. பெற்றோர் கேரளத்திலிருந்து போனவர்கள். இவர் 1960-ல் சியாட்டிலில் பிறந்து, சிகாகோ பக்கம் பார்க் ஃபாரஸ்ட் என்ற ஊரில் வளர்ந்து, மறுபடி சியாட்டிலுக்கே வந்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். குழுவின் முதல் பாஸ் கலைஞர் ஹிரோ யமமோட்டோ ஜப்பானிய வழிவந்த அமெரிக்கர். எண்பதுகளின் ராக் மேடையில் இப்படி ஒரு குழு நின்றது என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

பேர்ல் ஜாமைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே. ரசிகர்களுக்காகச் சண்டை போட்ட ஒரே குழு அவர்கள்தானே?
டொரன்டோ வாசகர்

ஒரே குழு இல்லை. வாஷிங்டன் நகரத்து ஃபுகாஸி குழுவினர் டிக்கெட் விலையை 5 டாலர் அளவிலேயே வைத்திருக்கப் பார்த்தார்கள். ஆனால் உச்சியில் இருந்துகொண்டு சண்டை போட்டவர்கள் என்றால் பேர்ல் ஜாம்தான். 1993-ல் அவர்களின் இரண்டாவது ஆல்பம் முதல் வாரத்திலேயே ஒன்பது லட்சத்துக்கு மேல் விற்றது, அப்போது அது சாதனை. அந்த நிலையில் இருந்தவர்கள் டிக்கெட் 18 டாலர், அதன் மேல் சேவைக் கட்டணம் 1.80 டாலரைத் தாண்டக் கூடாது என்று டிக்கெட் விற்கும் பெரிய நிறுவனமான டிக்கெட்மாஸ்டரிடம் கேட்டார்கள். ஒத்துவரவில்லை. 1994-ல் அமெரிக்க அரசின் நீதித்துறைக்குப் புகார் போனது, குழுவின் ஸ்டோன் கோஸார்டும் ஜெஃப் அமெண்டும் நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து சாட்சி சொன்னார்கள். மறு வருடம் ஜூலையில் நீதித்துறை விசாரணையைக் கைவிட்டது. சம்பாதிக்க வேண்டிய காலத்தில் டிக்கெட்மாஸ்டர் பிடியில் இல்லாத இடம் தேடி அலைந்து கச்சேரி நடத்தியவர்கள் அவர்கள். அவர்களின் பாடகர் எடி வெட்டர், பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானுடன் சேர்ந்து ஒரு படத்துக்குப் பாடியதும் அதே காலத்தில்தான், அவசியம் கேளுங்கள்.

மனிதர்களாக அவர்களுக்கே என் ஓட்டு. ஆல்பங்களை வரிசையாக வைத்தால் எனக்கு அவர்களின் முதல் ஆல்பமான 'டென்' ஒன்றுதான் முழுதாக நிற்கிறது.

ஓயஸிஸ்? ரேடியோஹெட்?
கோவை வாசகர்

இரண்டும் இங்கிலாந்து. கேள்வி அமெரிக்கக் குழுக்களைப் பற்றியது.

எல்லாம் ஆண்களாகவே இருக்கிறார்களே. பெண்கள் ராக் வாசிக்கவில்லையா?
புதுச்சேரி வாசகி

என் பட்டியலில் இரண்டாவது இடம் ஸ்லீட்டர்-கின்னி. நிர்வாணாவுக்கு மேலே வைக்கிறேன், அதற்கும் கடிதங்கள் வரும், வரட்டும். சியாட்டிலுக்குத் தெற்கே ஒலிம்பியாவில் 1994-ல் உருவான குழு. மூன்று பெண்கள், பாஸே கிடையாது. கோரின் டக்கர், கேரி பிரவுன்ஸ்டீன் இருவரின் கிடார்களும் ஒன்றையொன்று இடைமறித்துப் பேசிக்கொள்வது போல் போகும், டக்கரின் குரல் அதற்கு மேல் சைரன் மாதிரி எழும். 1997-ல் வந்த 'டிக் மீ அவுட்' ஆல்பத்தில் ஜேனட் வைஸ் டிரம்ஸுக்கு வந்தார். பாஸ் இல்லாத குறையே தெரியாத அளவுக்கு அடித்தார். தொண்ணூறுகள் பற்றிய பட்டியல்களில் இவர்கள் பெயர் விடுபடும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆலிஸ் இன் செயின்ஸ் ரசிகன் நான். என்னை ஏமாற்றிவிடாதீர்கள்.
வேலூர் வாசகர்

மூன்றாவது இடம். லேன் ஸ்டேலியும் ஜெர்ரி கான்ட்ரெலும் சேர்ந்து பாடும்போது எது யார் குரல் என்று பிரிக்க முடியாது, இரண்டும் உரசிக்கொண்டே போகும், அந்த உரசல்தான் பாட்டு. 'ஜார் ஆஃப் ஃப்ளைஸ்' ஏழே பாட்டு, ஒரு வாரத்தில் எழுதிப் பதிவு செய்தது, 1994 ஜனவரியில் வந்த கையோடு பில்போர்டில் முதலிடம். இப்படி ஒரு சின்ன ஆல்பம் நேராக முதலிடத்தில் நுழைந்தது அதுவே முதல் முறை. ஸ்டேலி இறந்தது 2002 ஏப்ரல் 5, கோபேன் போன அதே தேதி. அந்த நாளில் நான் இந்த ஆல்பத்தைத்தான் போடுவேன்.

இதுவரை ராக் கேட்டதே இல்லை. எங்கே தொடங்குவது?
நாகர்கோவில் வாசகி

1994-ல் வந்த 'சூப்பர்அன்நோன்' ஆல்பத்தில் 'ஃபெல் ஆன் பிளாக் டேஸ்'. ஹெட்ஃபோனில், இரவில். முதல் முறை எதையும் எண்ணாமல் கார்னெலின் குரலை மட்டும் கேளுங்கள், அடியில் முணுமுணுப்பாக ஆரம்பித்து எங்கே போய் நிற்கிறது என்று. இரண்டாம் முறை விரலில் ஆறு எண்ணுங்கள். பிடித்திருந்தால் எழுதுங்கள், அடுத்த பாட்டைச் சொல்கிறேன்.