நீடித்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: அப்லேஷனில் நுரையீரல் சிரைகள் மட்டும் போதுமா, கூடுதலாகவும் செய்ய வேண்டுமா?

அப்பாவுக்கு எட்டு மாதமாக ஏ.எஃப். (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகளான ஏட்ரியங்கள் தாறுமாறாகத் துடிப்பது) விடாமல் இருக்கிறது, அப்லேஷனில் (கோளாறுக்குக் காரணமான இதயத் தசையைச் சுட்டுச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) ஒரு மருத்துவர் நுரையீரலிலிருந்து இடது ஏட்ரியத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நுரையீரல் சிரைகளை மட்டும் தனிமைப்படுத்தினால் போதும் என்கிறார், இன்னொருவர் இடது ஏட்ரியத்தின் பின்சுவரையும் சேர்த்துச் செய்யலாம் என்கிறார், எது சரி, வெற்றி என்று எதை வைத்துச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. அப்லேஷன் அறையில், இதயத்தின் மின் வரைபடத்தைக் காட்டும் மேப்பிங் கணினியின் முன்னால் பல வருடங்களாக உட்கார்ந்து, இதயத்தின் மின்னலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவன். அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் முறை என்றால் சிரைகள் மட்டும் போதும் என்பதே என் எண்ணம். ஆனால் அந்த ஒரு வேலையைத் துளி இடைவெளி இல்லாமல் செய்ய வேண்டும்.

1998இல் பிரான்சின் போர்டோ நகரில் ஹைசகேர் குழுவினர் கண்டுபிடித்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். விட்டுவிட்டு வரும் ஏ.எஃப்.பைத் தூண்டிவிடும் தாறுமாறான துடிப்புகளில் பெரும்பாலானவை நுரையீரல் சிரைகளுக்குள்ளிருந்து கிளம்புகின்றன என்று காட்டினார்கள். அதனால் அந்தத் துடிப்புகள் வெளியே வராதபடி சிரைகளைச் சுற்றிச் சுட்டு வேலி போடுகிறோம். ஆனால் உங்கள் அப்பாவுக்கு இருப்பது ஏழு நாளைத் தாண்டி நீடிக்கும் வகை. இதில் ஏட்ரியமே விரிந்து, தழும்பேறி, தானாகவே ஏ.எஃப்.பைத் தாங்கிப் பிடிக்கும் நிலைக்கு வந்திருக்கலாம். அப்படியானால் சிரையோடு நிறுத்தலாமா என்ற சந்தேகம் நியாயமானது. அந்தச் சந்தேகத்தில்தான் பல வருடங்கள் ஏட்ரியத்தின் கூரையிலும் மைட்ரல் வால்வுப் பக்கமும் கோடு கோடாகச் சுட்டுக்கொண்டிருந்தோம்.

2015இல் ஸ்டார் ஏ.எஃப். 2 ஆய்வு வந்தது. 589 பேர். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது, சிரைகள் மட்டும் செய்தவர்களில் 59 சதவீதம் பேருக்கு ஏ.எஃப். திரும்பவில்லை. சிதறிய அலைகள் தெரிந்த இடங்களையும் சுட்டவர்களில் 49, கோடுகள் போட்டவர்களில் 46. புள்ளியியல்படி இந்த வேறுபாடு உறுதியானதல்ல. ஆனாலும் அதிகம் சுட்டால் அதிகப் பலன் என்ற எண்ணம் அத்தோடு ஆட்டம் கண்டது. உங்கள் இரண்டாவது மருத்துவர் சொல்லும் பின்சுவரை 2023இல் காப்லா ஆய்வு சோதித்தது. 338 பேரில், ஒரு வருட முடிவில் பின்சுவரும் சேர்த்துச் செய்தவர்களில் 52.4 சதவீதம், சிரைகள் மட்டும் என்றால் 53.6. ஏறக்குறைய ஒன்றேதான். பின்சுவரை ஒட்டியே உணவுக்குழாய் போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே சூடு ஆழமாக இறங்கினால், அபூர்வமாக, உயிரையே பறிக்கும் துளை விழுந்துவிடும். சூட்டுக்குப் பதில் மின்துடிப்பால் தசையைச் செயலிழக்கச் செய்யும் முறையில் இந்த ஆபத்து மிகவும் குறைவு. அதனால் பலர் இப்போது பின்சுவரைத் தயங்காமல் தொடுகிறார்கள். எளிதாகிவிட்டது என்பதற்காக அவசியம் ஆகிவிடாது என்று நான் நினைக்கிறேன்.

கூடுதல் வேலை எதுவுமே வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. மார்ஷல் சிரை என்ற, இடது ஏட்ரியத்தை ஒட்டிய சின்னச் சிரைக்குள் ஆல்கஹால் செலுத்திய வீனஸ் ஆய்வில் (2020) ஏ.எஃப். திரும்பாதவர்கள் 38இலிருந்து 49 சதவீதமாக உயர்ந்தார்கள். தழும்பு உள்ள, மின்னழுத்தம் குறைந்த இடங்களை மட்டும் தேடிச் சுட்ட எரேஸ் ஏ.எஃப். ஆய்விலும் (2022) பலன் தெரிந்தது. அதே வருடம் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்த தழும்புகளைக் குறிவைத்த இன்னொரு பெரிய ஆய்வில் பலனே இல்லை. அப்பாவின் ஏட்ரியத்தில் தழும்பு எவ்வளவு என்பது மேப் எடுத்தால்தான் தெரியும். இரண்டாவது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "மேப்பில் எதைப் பார்த்தால் பின்சுவருக்குப் போவீர்கள்?" தெளிவான பதில் வந்தால் நம்பலாம்.

அடுத்து, எங்கே நிறுத்துவது என்பது. இதில் நானே பல வருடம் தவறாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கு ஐந்து மணி நேரம் சுட்டோம். கடைசியில் மேசையிலேயே ஏ.எஃப். நின்று, சைனஸ் ரிதம், அதாவது இயல்பான துடிப்பு, வந்தது. அறை முழுக்க மகிழ்ச்சி. நாலு மாதத்தில் அவர் ஃப்ளட்டர் என்ற இன்னொரு வேகத் துடிப்போடு திரும்பி வந்தார். மைட்ரல் பக்கம் போட்ட கோட்டில் சின்ன இடைவெளி. அதன் வழியாக மின்னலை சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. முழுமையாக அடைபடாத கோடு, கோடே இல்லாததைவிட மோசம். அன்றிலிருந்து, மேசையில் ஏ.எஃப். நின்றதா என்பதை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஷாக் கொடுத்து ரிதத்தைக் கொண்டுவந்தாலும் குறை ஒன்றுமில்லை. நான் பார்ப்பது அடைப்பை. ஏட்ரியத்தின் அலை சிரைக்குள் நுழையக் கூடாது, சிரைக்குள்ளிருந்து பேஸ் செய்தால் (மின்தூண்டல் கொடுத்தால்) அது ஏட்ரியத்துக்கு வரக் கூடாது. முடிந்ததும் இருபது முப்பது நிமிடம் காத்திருந்து மறுபடியும் பார்க்க வேண்டும். வீக்கத்தால் மரத்துப்போன தசை அப்புறம் விழித்துக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்த பிறகு அளவுகோல் வேறு. ஆய்வுகளில் 30 விநாடி ஏ.எஃப். வந்தாலே தோல்வி என்று எழுதிவிடுவார்கள். நாள் முழுக்க ஏ.எஃப்.பில் மூச்சு வாங்கியவருக்கு மாதத்தில் ஒரு மணி நேரம் மட்டும் வந்தால், அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வராது. மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு ஏ.எஃப்.பில் போகிறது, மாடி ஏற முடிகிறதா, இதயத்தின் பம்ப் திறன் குறைந்திருந்தால் அது தேறியதா என்று பாருங்கள். முதல் எட்டு வாரத்துக்குள் திரும்பி வந்தால் பதறாதீர்கள், அது காயம் ஆறும் காலம். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை மட்டும், ரிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைத் தொடர்வதா என்பதை அப்பாவின் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் வைத்து மருத்துவர் முடிவு செய்வார்.